குடும்பத்துல ஓடுறது ரத்தம் மட்டும்தானா? இரைப்பைப் புற்றுநோயும் மரபணு மாற்றங்களும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது. ராசிபுரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தாரு. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்:

"அண்ணா, எங்க அப்பாரு வயித்துப் புத்துநோய்ல போனாருங்க. நாலு வருஷம் முன்னாடி பெரியப்பாவும் அதுலதான் போனாரு. இப்ப தங்கச்சிக்கு வரன் பாக்கறோம். எல்லாம் கூடி வந்த நேரத்துல, 'அது அந்தக் குடும்பத்து ரத்தத்துல ஓடற வியாதியாமே, பொண்ணுக்கும் வருமா'ன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டு விட்டிருக்காங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியலீங்கண்ணா. எங்களுக்கே அந்தப் பயம் இருக்குது."

இதைக் கேட்டுட்டு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எத்தனை வீட்ல இந்தப் பேச்சு ஓடுது! 'வயித்துப் புத்து இருக்கற வீடு'ன்னு ஒரு பேர் விழுந்துட்டா, அது பொண்ணுக்கும் பையனுக்கும் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து நிக்குது. அதனால இன்னைக்கு இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை, உயிரியல் படிச்சவன். டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு நீங்க தெரிஞ்சுக்கற அளவுக்குச் சொல்ல முடியும்.

முதல்ல சுருக்கமான பதில்

புற்றுநோய் எல்லாமே மரபணுக் கோளாறுதான். ஆனா மரபணுக் கோளாறு எல்லாமே பரம்பரை கிடையாது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதுதான் பாதிப் பயத்துக்குக் காரணம்.

இரைப்பைப் புற்றுநோய்ல, பிறக்கும்போதே ஒரே ஒரு மரபணுவோட பழுது வலுவா கைமாறி வர்ற வகை, நூத்துல ஒண்ணுல இருந்து மூணு பேருக்குத்தான். மத்த பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கோளாறு பிறந்ததுக்கு அப்புறம், இரைப்பையோட உள்தோல்ல, இருபது முப்பது வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருது. இரைப்பைச் செல்லுல சேர்ந்த கோளாறு விந்துக்கோ கருமுட்டைக்கோ போறதில்லை. அதனால அது பிள்ளைக்கு வர்றதும் இல்லை.

அப்புறம் ஏன் ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு வருதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் வர்றோம்.

இளம்பிள்ளை தறியில ஒரு பாடம்

சேலத்துக்குப் பக்கத்துல இளம்பிள்ளை. சேலைக்குப் பேர் போன ஊர். இப்பக் கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்துட்டாலும், பழைய தறிக்கு மேல சங்கிலி மாதிரி அட்டை தொங்கறதைப் பார்த்திருப்பீங்க. அந்த அட்டையில இருக்கற ஓட்டைதான் டிசைன். ஓட்டை இருக்கற இடத்துல ஊசி உள்ள போகும், அதுக்குண்டான பாவு நூல் மேல தூக்கும். ஓட்டை இல்லைன்னா தூக்காது. மாங்காயோ மயிலோ, எல்லாமே அந்த ஓட்டைக் கணக்குதான்.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு அட்டைக் கட்டு இருக்கு. அதுதான் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து.

இப்ப டிசைன் கெட்டுப் போறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அட்டையில தப்பான இடத்துல ஓட்டை விழறது, இல்லை அட்டையே கிழியறது. இதுதான் மரபணு மாற்றம், மியூட்டேஷன். எழுத்தே மாறிடுச்சு.

ரெண்டாவது, ஓட்டை எல்லாம் சரியா இருக்கு. ஆனா யாரோ அது மேல ஒரு டேப்பை ஒட்டிட்டாங்க. ஊசி உள்ள போகாது, நூல் தூக்காது. அட்டையை எடுத்துச் சரிபார்த்தா ஓட்டை அதே இடத்துலதான் இருக்கும். டிசைன் மட்டும் வராது. இதுக்குப் பேர்தான் எபிஜெனெடிக் மாற்றம். டி.என்.ஏ. எழுத்து மேல மீத்தைல்னு ஒரு சின்ன வேதித் துண்டு போய் ஒட்டிக்கும். ஒரு மரபணுவோட ஆரம்பப் பகுதியில இது நிறைய ஒட்டினா, அந்த மரபணு வாயை மூடிக்கும்.

செல் ரெண்டாப் பிரியும்போது, அட்டையோட சேர்த்து அந்த டேப்பையும் நகல் எடுத்துக்கும். அதுக்குன்னே ஒரு என்சைம் இருக்கு. அதனால ஒரு தடவை ஒட்டின டேப் அடுத்தடுத்த தலைமுறைச் செல்களுக்கும் போகும். நான் சொல்ற தலைமுறை அந்த இரைப்பைக்குள்ள இருக்கற செல்களோட தலைமுறை. உங்க பேரன் பேத்தி இல்லை.

டேப்பை ஒட்டறது யாரு?

1982ல ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில வாழற ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினாங்க. ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலத்துல எந்தக் கிருமியும் வாழாதுன்னு அப்ப நம்பினாங்க. இந்தக் கிருமி யூரியாவை உடைச்சு அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுத்தி அமிலத்தைத் தணிச்சுக்குது. யாரும் நம்பலைன்னு 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, தன் வயித்துல அழற்சியை உண்டாக்கிக் காட்டினாரு. 1994ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமின்னு முதல் வகையில சேர்த்தது. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசுலயே ஒட்டிக்குது. வீட்டுக்குள்ளயே, அம்மாகிட்ட இருந்து, அண்ணன் அக்காகிட்ட இருந்து. மருந்து சாப்பிடலைன்னா ஆயுசுக்கும் போகாது. தம்பியோட கேள்விக்கு முதல் பதில் இங்கதான் இருக்கு. ஒரு குடும்பத்துல ரத்தம் மட்டும் ஓடலை. ஒரே தண்ணி, ஒரே உப்புச்சாடி, ஒரே கருவாடு, கூடவே இந்தக் கிருமியும் ஓடுது. அப்பாரும் பெரியப்பாவும் ஒரே வீட்ல இருந்து சாப்பிட்டவங்க இல்லையா?

கிருமி உள்ள வந்ததும் இரைப்பைச் சுவர்ல ஒரு அழற்சி. வெளிய தெரியாத, அணையாத கங்கு மாதிரி. இரைப்பையோட மேல்தோல் செல்கள் சாதாரணமாவே மூணு முதல் ஆறு நாளைக்கு ஒரு தடவை புதுசாகும். அழற்சி இருந்தா இன்னும் வேகமாச் செத்துப் பிறக்கும். அத்தனை தடவையும் அட்டையை நகல் எடுத்தாகணும். நகல் கூடக் கூட தப்பும் கூடும். அது போக, 2007ல கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒண்ணு காட்டினாங்க. நோய் எதிர்ப்புச் செல்கள்ல மட்டும் இருக்க வேண்டிய, மரபணு எழுத்தையே மாத்தற ஒரு என்சைமை, இந்தக் கிருமி இரைப்பைச் செல்லுல எழுப்பி விட்டுடுது. அது போய் டிபி53ங்கற மரபணுவுல கை வைக்குது. பாவு அறுந்தா தறியை நிறுத்தற மேஸ்திரி மாதிரி, தப்பு நடந்தா செல் பெருகறதை நிறுத்தற மரபணு அது.

டேப் கதைக்கு வருவோம். ஜப்பான்ல தோஷிகாசு உஷிஜிமாவோட குழு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. புற்றுநோயே இல்லாத, ஆனா கிருமி இருக்கற ஆரோக்கியமான ஆட்களோட இரைப்பைத் தோலை எடுத்துப் பார்த்தா, சில மரபணுக்கள்ல மீத்தைல் ஒட்டு மத்தவங்களைவிடப் பல மடங்கு அதிகம். வெளிய இருந்து பார்த்தா நல்லா இருக்கற தோல். உள்ள அட்டைக் கட்டு முழுக்க டேப். ஒரு இடத்துல இல்லை, தோல் பரப்பு பூராவும். உழுது போட்ட காடு மாதிரி; எங்க விதை விழுந்தாலும் முளைக்கும்.

அப்புறம் ஜெர்பில்னு ஒரு சின்னப் பாலைவன எலியை வெச்சு 2010ல இன்னொரு ஆய்வு. கிருமியை உள்ள விட்டு, அழற்சியை மட்டும் மருந்தால அடக்கினாங்க. கிருமி அப்படியே இருந்தது, ஆனா டேப் ஒட்டறது குறைஞ்சுது. அப்ப டேப்பை ஒட்டறது நேரடியாக் கிருமி இல்லை. அணையாம எரியற அந்த அழற்சிதான்.

இப்படி மூடிப் போற மரபணுக்கள்ல ரெண்டைச் சொல்றேன். பி16, செல் பெருக்கத்துக்குப் பிரேக். எம்எல்எச்1, நகல் எடுக்கும்போது விழற பிழையைத் திருத்தற ஆள். திருத்தற ஆளோட வாயை மூடிட்டா என்ன ஆகும்? அதுக்கப்புறம் எழுத்துப் பிழை ஆயிரக்கணக்கில சேரும். டேப் ஒட்டினதால ஓட்டை கெடுது. ரெண்டு வழியும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்குது.

வெளிய தெரியற படிகளை பெலாயோ கொரியாங்கற நோயியல் நிபுணர் 1975லயே வரிசைப்படுத்தினாரு. நாள்பட்ட அழற்சி, அப்புறம் தோல் மெலியறது, அப்புறம் இரைப்பைத் தோல் குடல் தோல் மாதிரி மாறறது, அப்புறம் செல் ஒழுங்கு கெடறது, கடைசியாப் புற்று. இது பல பத்து வருஷம் எடுக்கற பயணம். ஏறின எல்லாரும் கடைசி ஸ்டாப் வரைக்கும் போறதில்லை. கிருமி இருக்கற நூறு பேர்ல வாழ்நாள்ல புற்று வர்றது ஒண்ணுல இருந்து மூணு பேருக்குத்தான். இந்தியாவுல இந்தக் கிருமி ரொம்பப் பரவலா இருந்தும், ஜப்பான், கொரியா அளவுக்கு இந்த நோய் இல்லை. இதை 'இந்தியப் புதிர்'னே ஆய்வாளர்கள் சொல்றாங்க. கிருமியோட வகை, உப்பு, புகை, ஊறுகாய், புகையிலை, நம்ம உடம்போட வாகு, எல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

நிஜமாவே ரத்தத்துல வர்ற வகை

இப்ப அந்தச் சின்னப் பங்குக்கு வர்றேன். இதை மறைச்சுட்டு ஆறுதல் சொன்னா அது நேர்மை இல்லை.

நியூசிலாந்துல ஒரு மாவோரிக் குடும்பம். முப்பது வருஷத்துல இருபதுக்கும் மேற்பட்டவங்க இரைப்பைப் புற்றுல போனாங்க. அதுல 14 வயசுப் பிள்ளையும் உண்டு. அந்தக் குடும்பத்தாரே ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய், பேரி கில்ஃபோர்ட் குழுவோட சேர்ந்து, தங்க வம்சாவளியையும் ரத்தத்தையும் கொடுத்து ஆராயச் சொன்னாங்க. 1998ல விடை கிடைச்சுது. சிடிஎச்1ங்கற மரபணு. பக்கத்துப் பக்கத்துச் செல்லை ஒட்டி வைக்கற பசையான ஈ-கெதரின்ங்கற புரதத்தை உண்டாக்கறது அது. பசை போனா செல் தனித்தனியாச் சிதறி இரைப்பைச் சுவருக்குள்ள பரவும். கட்டி மாதிரி தெரியாது. எண்டோஸ்கோப்பியிலகூட ஆரம்பத்துல ஏமாத்தும். இதுக்கு 'டிஃப்யூஸ்' வகைன்னு பேர். அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இந்தப் பழுது இருந்தா, பிள்ளைக்கு வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இங்கயும் டேப் வருது பாருங்க. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு ரெண்டு பிரதி. பிறவியில ஒரு பிரதி பழுது. இன்னொண்ணு நல்லா வேலை செய்யும். பல பேருக்கு அந்த நல்ல பிரதி மேல மீத்தைல் டேப் விழுந்த பிறகுதான் புற்று ஆரம்பிக்குது. பரம்பரை வகையிலகூட, பாதி பிறப்புல வந்தது, பாதி வாழும்போது ஒட்டினது.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. 2023ல ஜப்பான் ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகளோட பரம்பரை மரபணுக்களைப் படிச்சு வெளியிட்டாங்க. மார்பகப் புற்றுநோய்ல கேள்விப்பட்டிருப்பீங்களே, பிஆர்சிஏ மாதிரி டி.என்.ஏ. பழுது பாக்கற மரபணுக்கள், அதுல பிறவிப் பழுது இருக்கறவங்களைக் கவனிச்சாங்க. பழுதும் இருந்து கிருமியும் இருந்தா, 85 வயசுக்குள்ள இரைப்பைப் புற்று வர்ற வாய்ப்பு சுமார் 45 சதவீதம். கிருமி மட்டும் இருந்தா சுமார் 14. பழுது இருந்து கிருமி இல்லைன்னா 5க்கும் கீழ. இது ஜப்பான் கணக்கு, அங்க நோயே அதிகம். நமக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனா சேதி என்ன? மரபணுவை மாத்த முடியாது. கிருமியை எடுக்க முடியும்.

பெரியப்பாவோட ரிப்போர்ட்

நான் தம்பிகிட்ட திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "பெரியப்பாவோட பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கா?"

பீரோவுல, ரேஷன் கார்டு, பத்திரத்தோட ஒரு மஞ்சப்பையில இருந்துச்சு. போட்டோ எடுத்து அனுப்பினாரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு நோயியல் டாக்டர்கிட்ட காட்டினேன். அதுல 'இன்டெஸ்டினல் டைப்'னு இருந்தது. சுத்தி இருந்த தோல் குடல் தோலா மாறியிருக்குன்னும் எழுதியிருந்தது. நான் சொன்ன அந்த நீளமான படிக்கட்டு வழி. அப்பாருக்கு அந்தக் காலத்துல ரிப்போர்ட்னு எதுவும் இல்லை. போகும்போது வயசு எழுபதுக்கு மேல. வீட்ல சின்ன வயசுல யாருக்கும் வரலை, மார்பகப் புற்றும் இல்லை.

உங்க வீட்ல யாருக்காவது இருந்தா நீங்களும் அந்தத் தாளைத் தேடிப் பாருங்க. 'டிஃப்யூஸ்' இல்லைன்னா 'சிக்னெட் ரிங் செல்'னு எழுதியிருந்து, ஒருத்தருக்கு 50 வயசுக்குள்ள வந்திருந்தா, இல்லை குடும்பத்துல ரெண்டு பேருக்கு இரைப்பைப் புற்று இருந்தா, இல்லை லோபுலர் வகை மார்பகப் புற்று கூட இருந்தா, மரபணு ஆலோசனை கேக்கணும். அடையாறு புற்றுநோய் நிலையத்துல பரம்பரைப் புற்றுநோய்க்குன்னே கிளினிக் நடந்துட்டு வருது. அப்படி எழுதலைன்னா, தெரிஞ்ச பரம்பரை வகைக்கான வாய்ப்பு ரொம்பக் குறைவு.

ரிப்போர்ட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்தறேன்னா, சிகிச்சைக்கும் இப்ப அதுதான் வழி. 2014ல அமெரிக்காவுல 295 கட்டிகளை முழுசாப் படிச்சு, இரைப்பைப் புற்றுநோயை நாலு வகையாப் பிரிச்சாங்க. குரோமோசோமே தாறுமாறானது பாதி. எம்எல்எச்1 மூடிப்போய்ப் பிழை குவிஞ்சது அஞ்சுல ஒரு பங்கு. சிதறிப் பரவற வகையில அதிகமாத் தெரியறது இன்னொரு அஞ்சுல ஒரு பங்கு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் புகுந்தது சுமார் 9 சதவீதம். நாலுலயும் டேப் அதிகமா ஒட்டியிருக்கறது இதுலதான். பிழை குவிஞ்ச வகைக்கு இம்யூனோதெரபி நல்லாக் கேக்குது. ஹெர்2ங்கற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தா அதுக்குத் தனி மருந்து இருக்கு. அதனால புதுசா நோய் கண்டுபிடிச்சவங்க, "ஹெர்2, எம்எஸ்ஐ பார்த்தாச்சுங்களா?"ன்னு டாக்டர்கிட்ட தயங்காமக் கேளுங்க.

கவலைப்பட வேண்டிய ஆள் வேற

ரிப்போர்ட் பேசிட்டு இருக்கும்போதே தம்பி சாதாரணமா ஒண்ணு சொன்னாரு. "அப்பாவுக்கும் ரெண்டு மூணு வருஷமா கேஸ் டிரபிள்தாங்கண்ணா. லாரி ஓட்டறவரு. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்குவாரு. இப்பக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிருதுங்கறாரு."

எனக்கு அங்கதான் திக்குனு ஆச்சு. வீடே தங்கச்சியோட ரத்தத்தைப் பத்திப் பேசிட்டு இருக்கு. பெரியப்பாகூட ஒரே வட்டில்ல சாப்பிட்டு வளர்ந்த, அம்பது வயசு தாண்டின அப்பாவோட வயித்தை யாரும் பார்க்கலை.

அவர்கிட்ட சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். வாரக்கணக்கில கேஸ் மாத்திரை சாப்பிடறவங்க, சீக்கிரம் வயிறு நிரம்பறவங்க, காரணமில்லாம எடை குறையறவங்க, வாந்தி, கறுப்பா மலம், விழுங்கறதுல சிரமம், ரத்தசோகை, இதுல எது இருந்தாலும் எண்டோஸ்கோப்பி பாத்துருங்க. பத்து நிமிஷ வேலை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலயே பாக்கறாங்க. அமிலத்தைக் குறைக்கற மாத்திரை, ஆரம்பப் புற்றோட வலியையும் அடக்கி வெச்சிரும். மாத்திரை கேட்டுச்சு, அதனால கேஸ்தான்னு முடிவு பண்ணாதீங்க.

கிருமி இருக்கான்னு மூச்சுப் பரிசோதனையிலயோ, மலப் பரிசோதனையிலயோ, எண்டோஸ்கோப்பியில எடுக்கற சின்னத் துணுக்குலயோ தெரிஞ்சிரும். ஒமிப்ரசோல், பாண்டப்ரசோல் மாதிரி மாத்திரையை ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், இல்லைன்னா கிருமி இருந்தும் இல்லைன்னு காட்டலாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க. இருந்தா 14 நாள் மருந்து. ரெண்டு நாள் விடாம முழுசாச் சாப்பிடணும். முடிச்சு நாலு வாரம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் எடுத்து, போயிடுச்சான்னு உறுதி பண்ணணும்.

இதனால பலன் உண்டா? கொரியாவுல இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தாங்க. பெத்தவங்களுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ இரைப்பைப் புற்று வந்திருந்து, கிருமியும் இருக்கற 1,676 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சராசரியா ஒன்பது வருஷம் கழிச்சு, மருந்து கொடுத்தவங்கள்ல 10 பேருக்கு, கொடுக்காதவங்கள்ல 23 பேருக்குப் புற்று. பாதிக்கும் மேல குறைஞ்சிருக்கு. 2020ல வெளியான முடிவு இது. பாருங்க, இவங்க எல்லாருமே 'வயித்துப் புத்து இருக்கற வீட்டு' ஆட்கள்தான்.

ஆனா பூஜ்ஜியம் ஆகலையே, ஏன்? டேப்தான். கிருமியும் அழற்சியும் போனா டேப் ஓரளவுக்கு உரியுது, முழுசா உரியறதில்லை. அதனால தோல் ஏற்கெனவே குடல் தோலா மாறியிருந்தா, கிருமி போன பிறகும் டாக்டர் சொல்ற இடைவெளியில எண்டோஸ்கோப்பி பாக்கணும். சீக்கிரம் எடுத்தா டேப் கம்மி.

தங்கச்சிக்கு என்ன பதில்?

தம்பி, மாப்பிள்ளை வீட்ல கேட்டா இப்படிச் சொல்லுங்க. "பெரியப்பாவோட ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டோம். பரம்பரையா வர்ற வகைக்கான அடையாளம் அதுல இல்லைன்னு சொன்னாங்க. வீட்ல எல்லாரும் கிருமி டெஸ்ட் எடுக்கறோம். இருந்தா மருந்து சாப்பிடப் போறோம். நீங்களும் எடுத்துக்கங்க, பாதி உலகத்துக்கு அது இருக்குது." அதுக்கப்புறமும் வேண்டாம்னு போனா, போகட்டும். கேள்வி கேட்டவங்களை நான் குத்தம் சொல்லலை. பயம் எல்லாருக்கும் பொது. பதில் தெரிஞ்ச பிறகும் அதையே பிடிச்சுட்டு இருந்தா, அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லை.

நேத்து ராத்திரி தம்பி மறுபடி மெசேஜ் பண்ணியிருந்தாரு. அப்பா நாக்பூர்ல இருந்து லோடு இறக்கிட்டு வந்துட்டு இருக்காராம். வியாழக்கிழமை சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறாராம். "திட்டுவாரு, பரவால்லீங்கண்ணா"ன்னாரு.

பரவாயில்லை தம்பி. திட்டு வாங்கிக்கங்க, கூட்டிட்டுப் போங்க.

உங்க கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.